அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே: வாய் திறக்காத நல்ல வாத்தியார்

இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2019 மே மாதம் கணினிக்கு முழு வடிவில் வெளியிட்ட அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே, இன்றைய கணக்கில் பழைய சிமுலேட்டர்தான் (நிஜக் கார்ப் பந்தயத்தை அப்படியே போலச்செய்யும் வீடியோ விளையாட்டு). பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வரிசைக்கான பதிப்பு 2022 பிப்ரவரியில் வந்தது. அதே நிறுவனத்தின் அடுத்த படைப்பான அசெட்டோ கோர்சா ஈவோ, முழுமையடையாத தொடக்க நிலையில், 2025 ஜனவரியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆயினும், பந்தய சிமுலேட்டரை இதுவரை தொட்டே பார்த்திராத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஏசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதையே நான் இன்னமும் முதலில் சொல்வேன். புதிதாகப் பழகுகிறவர் ஓட்டுவதிலும், செட்டப் என்னும் காரின் உள்ளமைப்புகளைச் சரிசெய்வதிலும் எதை முதலில் கவனிக்க வேண்டும், அதற்கு இந்த சிமுலேட்டர் எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே கைவிட்டுவிடுகிறது என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் பார்க்கிறேன்.

இதன் எல்லை குறுகியது என்பதே இதைப் பரிந்துரைக்க முதல் காரணம். இதில் நூற்றுக்கணக்கான கார்கள் கிடையாது. சாலைக் கார்கள் கிடையாது. எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வேலையும் கிடையாது. ஜிடி வேர்ல்டு சேலஞ்ச் என்னும் நிஜப் பந்தயத் தொடரில் ஓடும் ஜிடி3 கார்களும் (விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கென மாற்றியவை), மோன்சா, ஸ்பா, சில்வர்ஸ்டோன், பார்சிலோனா, பால் ரிக்கார்டு, மிசானோ போன்ற அத்தொடரின் தடங்களுமே அடிப்படைத் தொகுப்பின் பெரும்பகுதி. ஜிடி3 வகுப்பில் ஃபெராரியானாலும் பென்ட்லியானாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்படி எடையும் எஞ்சின் ஆற்றலும் சமன்செய்யப்பட்டிருக்கின்றன. ஆகவே, வேறு கார் எடுத்தால் வேகம் வந்துவிடும் என்று நினைத்து நாள்தோறும் காரை மாற்றிக்கொண்டிருக்கும் தொடக்கக்காரரின் வழக்கத்துக்கு இங்கே அதிகம் இடமில்லை. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், வேகமெடுக்கையில் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் இரண்டும் நிஜமான ஜிடி3 கார்களிலேயே இருப்பவை என்பதால், அவற்றைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை அன்று. இந்த இரண்டின் துணையோடு பழகலாம் என்பது, அவை எதுவும் இல்லாத பழைய ஃபார்முலா காரில் தொடங்கி, சுற்றுக்கு மூன்று முறை சுழன்று, வெறுத்துப்போய் விலகுவதைவிட எவ்வளவோ மேல்.

குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வதற்கு வேண்டிய தகவல்கள் அனைத்தும் திரையில் இருக்கின்றன. அவற்றின் பொருள் என்ன என்று சொல்வார் மட்டும் இல்லை. படிப்படியாக ஓட்டக் கற்றுத்தரும் ஓட்டுநர் பள்ளி போன்ற ஒரு பகுதியை கிரான் டூரிஸ்மோ என்ற பந்தய விளையாட்டு வரிசையில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே அதைத் தேடி ஏமாந்துபோவார்கள். தொழில்முறை ஓட்டுநராகப் படிப்படியாக முன்னேறும் 'கேரியர்' பகுதி, மோன்சாவில் லம்போர்கினி காரில் ஒரு தேர்வு ஓட்டத்தோடு தொடங்குகிறது. மோன்சாவைத் தேர்ந்தெடுத்தது, என் பார்வையில், சரியான முடிவு அன்று. 5.793 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் நேர்ச்சாலைகளே மிகுதி. முழு வேகத்தில் போய் பலமாக பிரேக் பிடித்து சிகேனுக்குள் (வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து எதிரெதிராக வைத்த இறுக்கமான வளைவுகள்) நுழைவதைத் தவிர வேறு பாடங்கள் அங்கே குறைவு. புதியவர் பார்சிலோனாவில் தொடங்குவது நல்லது. அங்கே மெதுவான வளைவு, நடுத்தர வேக வளைவு, விட்டுவிடாமல் நீண்டுகொண்டே போகும் மூன்றாம் வளைவு என எல்லா வகையும் ஒரே சுற்றுக்குள் கிடைத்துவிடுகின்றன. சுவரில் மோதும் பயம் அதிகம் உள்ளவர்கள், தடத்துக்கு வெளியே நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட அகலமான தார்ப்பரப்பு கொண்ட பால் ரிக்கார்டில் தொடங்கலாம்.

காரைத் தொடுவதற்கு முன்னால், உட்காரும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். எந்த ஸ்டீயரிங் வாங்குவது என்பதைப் பற்றித்தான் எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சுற்றுநேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பிரேக் பெடல். கால் எவ்வளவு தூரம் அழுத்தியது என்பதை அளக்கும் பெடலைவிட, எவ்வளவு பலத்தோடு அழுத்தியது என்பதை அளக்கும் லோட் செல் பெடல் நமது தசைக்கு எளிதாக நினைவில் நிற்கிறது. அதை இப்போதே வாங்கியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கியர் பற்களால் இயங்கும் லாஜிடெக் ஜி29 போன்ற தொடக்கநிலை ஸ்டீயரிங்கோடு வரும் பெடலே பழகுவதற்குப் போதும். ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளக்கூடாது. பெடல் தரையில் வழுக்கக்கூடாது. சக்கரம் வைத்த நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றுவதோ, பெடலைச் சுவரோடு அண்டக்கொடுப்பதோ செலவில்லாத வேலை. அதனால் வரும் பலன், ஸ்டீயரிங்கை மாற்றுவதால் வரும் பலனைவிடப் பெரியது.

அடுத்தது திரை. பார்வைக் கோணத்தை அகலமாக வைத்தால் வேகம் அதிகம்போலத் தோன்றும், காரின் உட்புறம் அழகாகத் தெரியும். வளைவு மட்டும் உள்ள தூரத்தைவிட வெகு தொலைவில் இருப்பதுபோல் தெரியும். 27 அங்குலத் திரை ஒன்று கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், அதன் அகலம் நம் பார்வையில் ஏறத்தாழ 53 டிகிரியை மட்டுமே நிரப்புகிறது. சிமுலேட்டர் காட்டும் கோணமும் அதற்கு நெருக்கமாக இருந்தால்தான் தூரம் தூரமாகத் தெரியும். இந்தக் கணக்குப்படி அமைத்தவுடன் குழாய்க்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருக்கிறது என்று பலர் பழைய அமைப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். சற்றே கூட்டிக்கொள்ளலாம், ஆனால் திரையைக் கண்ணுக்கு அருகே இழுத்துவைப்பதுதான் நல்ல வழி. பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறவர், திறமையைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒன்றைச் சரிபார்ப்பது நல்லது.

ஸ்டீயரிங் சுழலும் அளவு காருக்குக் கார் வேறு: போர்ஷே 991 ஜிடி3 காரில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 800 டிகிரி, ஃபெராரி 488 ஜிடி3 காரில் 480 டிகிரி. ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில், அதாவது டயரின் இழுவையை மோட்டார் மூலம் ஸ்டீயரிங்கில் உணரவைக்கும் அமைப்பில், தொடக்கக்காரர்கள் செய்வது, கையை முறுக்கும் அளவுக்கு பலத்தைக் கூட்டிவைப்பது. மோட்டாரால் தர முடிந்த உச்சத்தை அது தொட்டுவிட்டால், அதற்கு மேல் டயர் சொல்வது எதுவும் கைக்கு வந்து சேராது. கனமாக இருக்கும், ஆனால் ஊமையாக இருக்கும். நீண்ட வேகமான வளைவில் பலம் ஏறிக்கொண்டே போய், முன் டயர் பிடியை இழக்கும் அந்த நொடியில் ஸ்டீயரிங் லேசாகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த லேசான உணர்வு கிடைக்கும்வரை பலத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

இனி ஓட்டுதல். முன்புறம் எஞ்சின் உள்ள காரில் தொடங்குங்கள்: ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ், மெர்சிடிஸ் ஏஎம்ஜி, பிஎம்டபிள்யூ எம்6 இவற்றில் எதுவானாலும் சரி. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுவிட்டாலும் இவை பெரும்பாலும் மன்னித்துவிடும். பின்புறம் எஞ்சினைச் சுமக்கும் பழைய போர்ஷே அந்தத் தயவைக் காட்டாது. பின்பக்கம் முன்னே வந்து நிற்கும். கார் நிலைகுலையாமல் தானே பிடித்துக்கொள்ளும் 'ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்' என்ற உதவியை முதலில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நிஜ ஜிடி3 காரில் இல்லாதது என்பதோடு, காரைச் சுழலவிடாமல் பிடித்துப் பிடித்து, எங்கே தவறு நடந்தது என்பதையே நமக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. சுற்று முழுவதையும் தடத்தைவிட்டு வெளியேறாமல் ஓட்ட முடிந்ததும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட வேண்டும். தடத்தின் மேல் வழியைக் காட்டும் கோடும் அப்படியே: தடம் மனப்பாடமாகும்வரை அது வழிகாட்டி, பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் காருக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும், வளைவின் உள்முனையையும் அதற்கப்பால் வெளியேறும் இடத்தையும் தேடாது.

டயருக்கு இருப்பது ஒரே அளவு பிடி. அதை பிரேக்குக்கும் திரும்புவதற்கும் வேகம் எடுப்பதற்கும் பங்கிட வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் மற்றொன்றுக்கு எதுவும் மிஞ்சாது. ஓட்டும் முறைகள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்தப் பங்கீட்டுக் கணக்குதான். இதை மோன்சாவின் முதல் சிகேனில் தெளிவாகப் பார்க்கலாம். மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் வரும் கார், இரண்டாம் கியர் வளைவுக்குள் நுழைய வேண்டும். வேகம் உச்சத்தில் இருக்கும்போது காரின் பின் இறக்கை காற்றால் உண்டாக்கும் கீழ்நோக்கிய அழுத்தமும் உச்சத்தில் இருப்பதால், பிரேக்கின் முதல் மிதி பலமாக இருக்கலாம், டயர் தாங்கும். வேகம் குறையக் குறைய அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சரிகிறது, அதாவது வேகம் பாதியானால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிறது. காலை எடுக்காமல் அதே பலத்தில் மிதித்துக்கொண்டிருந்தால் ஏபிஎஸ் கடகடவென்று வேலை செய்யத் தொடங்கும். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் பிடியின் பெரும்பகுதி நிற்பதற்கே போய்விடுவதால் கார் திரும்பாது, நேராகவே வழுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே, தொடக்கத்தில் பலமாக மிதித்து, வேகம் இறங்க இறங்க காலைத் தளர்த்திக்கொண்டே வந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போதும் சிறிதளவு பிரேக்கை மிச்சம் வைத்து, உள்முனையை நெருங்கும்போது முழுதாக விட வேண்டும். டிரெயில் பிரேக்கிங் என்று சொல்லப்படுவது இதுதான். மிச்சம் வைக்கும் அந்தச் சிறு பிரேக், காரின் எடையை முன் டயர்களின் மேல் அழுத்தி வைக்கிறது. அதனால் மூக்கு உள்ளே திரும்புகிறது. பெரும்பாலான புதியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: பயந்து பயந்து மெதுவாக மிதிக்கத் தொடங்கி, வளைவு நெருங்கியதும் பதறி முழுதாக மிதிக்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த பெடலுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. திரையின் மூலையில் பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டைகள் எழும்பி இறங்குகின்றன. ஓட்டி முடித்தபின் ரீப்ளேயில் மற்ற எதையும் பார்க்காமல் பிரேக் பட்டையின் வடிவத்தை மட்டும் பாருங்கள். செங்குத்தாக ஏறி, சரிவாக இறங்கினால் சரி. சரிவாக ஏறி, செங்குத்தாக இறங்கினால் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

பிரேக் பிடிக்கும் இடத்துக்கு அடையாளம் வேண்டும். சாலையோரத்தில் வளைவுக்கு முன் தூரத்தைக் காட்டும் பலகைகள் நட்டிருக்கும். மோன்சாவின் அந்த சிகேனுக்கு முதலில் 200 மீட்டர் பலகையருகே மிதியுங்கள். நிதானமாக உள்ளே போய் வெளியே வர முடிந்தால், அடுத்த சுற்றில் ஒரு கார் நீளம் தள்ளி மிதிக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடுவதுபோல முதல் சுற்றிலேயே 100 பலகைவரை போய்ப் பார்ப்பவர் எதையும் கற்பதில்லை. சரளைக்குள் போய் நின்ற காரிலிருந்து, எவ்வளவு தாமதம் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, ஏசிசியில் வெளியே போய் வந்த டயரில் மண் ஒட்டிக்கொள்ளும், பலமாக வழுக்கியிருந்தால் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்தும் போகும். அடுத்த சில வளைவுகளில் பிடி குறைவதற்கு அதுதான் காரணம் என்பதையும் இந்த சிமுலேட்டர் எடுத்துச் சொல்வதில்லை.

வளைவிலிருந்து வெளியேறும்போது விதி எளிது: ஸ்டீயரிங்கை நேராக்கும் அளவுக்கே ஆக்சிலரேட்டரைக் கூட்டலாம். டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கிறதே என்று முழுதாக மிதித்தால் கார் சுழலாது, ஆனால் எஞ்சினின் ஆற்றலை அது வெட்டிக்கொண்டே இருப்பதால் நேர்ச்சாலை முழுவதும் வேகம் குறையும். நுழைவில் தாமதமாக பிரேக் பிடித்து மிச்சம்பிடிக்கும் நேரம் சிறிது. வெளியேறும்போது இழக்கும் வேகம் அடுத்த நேர்ச்சாலையின் கடைசிவரை தொடரும். ஸ்பாவின் முதல் வளைவான லா சூர்ஸில் இதைச் சோதிக்கலாம். அங்கே அவசரப்பட்டவரின் தண்டனை, ஓ ரூஜ் ஏற்றத்தைத் தாண்டி கெமல் நேர்ச்சாலை முடியும்வரை நீளும்.

இப்போது செட்டப். காரை நிறுத்தி செட்டப் பக்கத்தைத் திறந்தால் டயர், மின்னணு அமைப்பு, எரிபொருள், இயந்திரப் பிடி, டேம்பர், காற்றியக்கம் என்று ஆறு தாள்களில் எண்கள் கொட்டிக்கிடக்கின்றன. தொடக்கக்காரருக்கு நான் சொல்வது: டேம்பர் (சக்கரத்தின் அதிர்வை அடக்கும் பாகம்) தாளை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம். ஒவ்வொரு காருக்கும் நிறுவனமே 'சேஃப்', 'அக்ரெசிவ்' என்று இரண்டு ஆயத்த செட்டப்களைத் தந்திருக்கிறது. இரண்டில் எதில் ஓட்டினாலும், இணையத்தில் யாரோ வேகமான ஓட்டுநர் பகிர்ந்ததை இறக்கிப் பயன்படுத்துவதைவிட அது உங்களுக்குப் பொருந்தும். வேகமான ஓட்டுநரின் கார், பின்பக்கம் நழுவுகிற விளிம்பில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்த நழுவலை அவர் விரும்பிக் கேட்கிறார், நாம் அதில் சுழல்வோம். ஒரே செட்டப்பில் பத்துச் சுற்றுகள் ஓட்டி, அந்தப் பத்தின் நேர வேறுபாடு ஒரு நொடிக்குள் அடங்காதவரை, ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்பதைக் கடிகாரம் சொல்ல முடியாது.

விதிவிலக்கு டயரின் காற்றழுத்தம். அதை முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டும், ஏனெனில் ஆயத்த செட்டப்பில் உள்ள அழுத்தம் எல்லா வெப்பநிலைக்கும் பொருந்தாது. இதில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டியது, செட்டப்பில் நாம் இடுவது ஓடத் தொடங்கும் முன் உள்ள அழுத்தம். நமக்கு முக்கியமானது டயர் சூடேறியபின் உள்ள அழுத்தம். 2023இல் வந்த 1.9 பதிப்பில் டயர் கணக்கு மாற்றியமைக்கப்பட்டது. ஜிடி3 காரின் உலர் டயருக்குச் சூட்டில் 26 முதல் 27 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இப்போது சரியான அளவு, 27.5 பிஎஸ்ஐக்கு அருகே வைக்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் அவை பழைய பதிப்புக்கு எழுதப்பட்டவை என்று ஒதுக்கிவிடலாம். மழை டயருக்கு 30ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

செய்முறை இதுதான். ஐந்தாறு சுற்றுகள் ஒரே சீராக ஓட்டி, அழுத்தம் ஏறுவது நின்றபின் நான்கு டயர்களின் அளவையும் பாருங்கள். பார்சிலோனா கடிகார முள் திசையில் ஓடும் தடம். வலது வளைவுகள் மிகுதி. ஆகவே இடது முன் டயர்தான் அதிகம் உழைத்து அதிகம் சூடாகும். அது 27.6 காட்டி, வலது முன் டயர் 26.8 காட்டினால், இலக்கு 26.5 என்று வைத்துக்கொண்டு, செட்டப்பில் இடதுபுறம் 1.1, வலதுபுறம் 0.3 குறைக்க வேண்டும். ஒரு சொடுக்கு 0.1 பிஎஸ்ஐ என்பதால் பதினொரு சொடுக்கு, மூன்று சொடுக்கு. நான்கு டயருக்கும் ஒரே எண்ணை இட்டுவிட்டுப் போகிறவர்கள் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான். வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும், இரவுப் பந்தயத்தில் இறங்கும். ஒரு முறை சரிசெய்த எண் என்றென்றைக்கும் சரி என்று நினைக்கக்கூடாது. திரையில் டயர்ப் படம் நீலமாக இருந்தால் குளிர்ந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் சரி, சிவப்புக்குப் போனால் அதிகம் சூடாகிவிட்டது. பந்தயத்தின் முதல் சுற்றில் நீலத்தைப் பார்த்துக்கொண்டே வழக்கமான இடத்தில் பிரேக் பிடிக்கிறவர் முன்னால் போகும் காரின் முதுகில்தான் போய் நிற்பார்.

அதற்கடுத்து எரிபொருள். ஆயத்த செட்டப்பில் உள்ள அளவை அப்படியே விட்டுவிட்டுப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். மோன்சாவில் 20 நிமிடப் பந்தயம், உங்கள் சுற்றுநேரம் 1 நிமிடம் 52 நொடி என்றால் பதினோரு சுற்றுகள் வரும். தொடக்கத்துக்கு முந்தைய அணிவகுப்பு ஓட்டத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று கொள்ளலாம். சுற்றுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை சிமுலேட்டரே காட்டுகிறது. அது 3.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 38.4, ஓரிரு லிட்டர் கூட்டி 40 போதும். 120 லிட்டர் நிரப்பிக்கொண்டு போனால் கூடுதலாகச் சுமப்பது ஏறக்குறைய 60 கிலோ. எந்த டேம்பர் மாற்றமும் தராத நேரத்தை இந்தக் கூட்டல் கழித்தல் தந்துவிடும்.

காரின் குணத்தை மாற்ற வேண்டுமானால், ஓட்டிக்கொண்டே மாற்றக்கூடிய மூன்றில் தொடங்குவது நல்லது: பிரேக் பயாஸ், ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல். பிரேக் பலத்தில் எத்தனை விழுக்காடு முன் சக்கரங்களுக்குப் போகிறது என்பதே பிரேக் பயாஸ். முன்பக்கம் கூட்டினால் கார் நிலையாக நிற்கும், ஆனால் திரும்ப மறுக்கும்; பின்பக்கம் தள்ளினால் மூக்கு உடனே உள்ளே திரும்பும், அளவு மீறினால் வளைவின் வாயிலிலேயே சுழலும். நுழையும்போது கார் வெளியே வழுக்கிக்கொண்டு போகிறது என்று தோன்றினால் அரை விழுக்காடு பின்னே தள்ளிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன், வேகமாக உள்ளே வந்துவிட்டோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தில் எட்டு முறை அண்டர்ஸ்டியர் (ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் போதிய அளவு திரும்பாதது) என்று நாம் குறைசொல்வது அளவுக்கு மீறிய நுழைவு வேகம்தான் என்பது என் கணிப்பு.

இவை மூன்றும் பழகியபின் பின் இறக்கை. வேகமான வளைவில் பின்பக்கம் மிதப்பதுபோல் இருந்தால் ஒரு படி கூட்டலாம். நேர்ச்சாலையில் சிறிது வேகம் போகும், அது போகட்டும். பயத்தில் ஆக்சிலரேட்டரை விடுவதால் இழப்பது அதைவிட அதிகம். மெதுவான வளைவிலும் அதே குறை இருந்தால் இறக்கை உதவாது, ஏனெனில் அந்த வேகத்தில் காற்றுக்கு வேலையில்லை. அப்போது வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் பின்புற ஆன்டி ரோல் பாரைத் தளர்த்த வேண்டும். குறை எந்த வேகத்தில் வருகிறது, வளைவின் எந்தப் பகுதியில் வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாதவர் செட்டப் பக்கத்தில் செய்வது எல்லாம் இருட்டில் துழாவுவதே. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதையும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏசிசியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் மதிப்பீட்டு முறை. தடப் பயிற்சி, சீரான ஓட்டம், காரைக் கட்டுப்படுத்தல், வேகம், பாதுகாப்பு எனத் தனித்தனியாக மதிப்பெண் தருகிறது; ஒவ்வொரு தடத்துக்கும் மூன்று பதக்கங்கள்வரை உண்டு. வேகத்துக்கு முன்னால் தவறில்லாத சுற்றுகளும் சீரான ஓட்டமும் கணக்கில் வருவதால், கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருக்கும் தொடக்கக்காரரை அது சரியான திசையில் திருப்புகிறது. இணையப் பந்தய சர்வர்கள் பலவும் பாதுகாப்பு மதிப்பெண்ணையும் தடப் பதக்கங்களையும் பார்த்தே உள்ளே விடுகின்றன. பாதுகாப்பு மதிப்பெண் உயர வேண்டுமானால் தனியாக ஓடிக்கொண்டிருந்தால் போதாது. மற்ற கார்களுக்கு அருகே, இடிக்காமல் ஓட்ட வேண்டும். இதற்குக் கணினி ஓட்டும் கார்களோடு நடத்தும் பந்தயமே போதும்.

விதிகளில் இந்த சிமுலேட்டர் கறார். தடத்தின் எல்லைக்கோட்டை நான்கு சக்கரங்களும் தாண்டினால் அந்தச் சுற்று செல்லாது. டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் ஒதுங்கும் பிட் பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போனால் தண்டனை உறுதி, ஆகவே வேகக் கட்டுப்பாட்டுப் பொத்தானை ஸ்டீயரிங்கில் விரல் எட்டும் இடத்தில் முதலிலேயே அமைத்துவிட வேண்டும். அணிவகுப்பு ஓட்டத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் சிறு கட்டம் ஒன்று திரையில் தோன்றும். அதற்குள் காரை வைத்திருக்கவில்லையென்றால் பந்தயம் தொடங்கும் முன்பே தண்டனை வந்துவிடும். இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் முதல் இணையப் பந்தயத்துக்குப் போகிறவர், என்ன தவறு செய்தோம் என்றே புரியாமல் வெளியேற்றப்படுவார். தரமான போட்டிகளுக்கு, சிமுலேட்டருக்கு வெளியே இயங்கும் லோ ஃப்யூயல் மோட்டார்ஸ்போர்ட் போன்ற தளங்களில் பதிவுசெய்துகொள்வது நல்லது; சிமுலேட்டருக்குள் பொதுவாகத் திறந்திருக்கும் சர்வர்களில் முதல் வளைவு பெரும்பாலும் இடிபாடுதான்.

குறைகளில் இன்னும் இரண்டு. அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு மென்பொருளில் கட்டப்பட்டிருப்பதால் மழையும் இரவும் கண்ணைக் கவர்கின்றன, ஆனால் கணினி உழைக்க வேண்டியது அதிகம். அந்தச் சுமையை மேலும் கூட்டும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடியில் ஓட்டவே வாங்குகிறேன் என்பவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது. கேம்பேடில் ஓட்ட முடியும், நன்றாகவே ஓட்ட முடியும். விசைப்பலகையில் ஓட்ட நினைப்பவர்கள், மேலே சொன்ன பிரேக் தளர்த்தலை ஒரு விசையால் செய்ய முடியாது என்பதால், வாங்கவே வேண்டாம்.

கூடுதல் தொகுப்புகளைப் பொறுத்தவரை, அடிப்படைத் தொகுப்பின் தடங்களே நெடுநாளைக்குப் போதும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஜிடி4 தொகுப்பு: ஆற்றலும் கீழ்நோக்கிய அழுத்தமும் குறைந்த அந்தக் கார்களில் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நிதானமாக, கண்ணால் பார்க்கும்படி நடக்கிறது. அதன் பிறகு கயலாமி, சுசுகா, லகுனா சேக்கா, பாதர்ஸ்ட் ஆகியவை அடங்கிய இன்டர்கான்டினென்டல் தொகுப்பு. 2024 ஏப்ரலில் வந்த, ஜெர்மனியின் நூர்பர்கிரிங் நீள்தடமான நார்ட்ஷ்லைஃபெ தொகுப்பு அருமையான வேலைப்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் 25 கிலோமீட்டரைத் தாண்டும் ஒரு சுற்றில் ஒரே வளைவைத் திரும்பச் சந்திக்க எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதால், பிரேக் பழக அது இடமல்ல, பார்சிலோனாவில் பத்துச் சுற்றுகளை ஒரு நொடிக்குள் அடக்கியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.